ரிப்போர்ட்ல தடிச்சு இருந்த மூணு நம்பர்

போன மாசம் ஒரு சனிக்கிழமை காலைல ஆறரை மணிக்கு ஒரு பையன் ஐஸ் பெட்டியோட வந்து அப்பா கையில மூணு ட்யூப் ரத்தம் எடுத்துட்டுப் போனான். கோயம்புத்தூர்ல இருக்கிற தம்பி ஃபோன்லயே புக் பண்ணினது, 2,999 ரூபாய், எண்பத்தி சொச்சம் டெஸ்ட், கூடவே 'ஸ்ட்ரோக் ரிஸ்க் ப்ரொஃபைல்' ஃப்ரீ. அக்கா நீ ஒண்ணும் பண்ண வேணாம், வீட்டுக்கே வருவாங்க, அப்பாவை வெறும் வயித்துல மட்டும் இருக்கச் சொல்லுன்னான். அப்பாவுக்கு வெறும் வயித்துல இருக்கிறது கஷ்டமே இல்ல, காபி இல்லாம இருக்கிறதுதான் கஷ்டம், அந்தப் பையன் வர்ற வரைக்கும் வாசல்லயே நின்னுட்டு இருந்தாரு.

அப்பாவுக்கு எட்டு மாசம் முன்னாடி ஸ்ட்ரோக் வந்துச்சு. சின்னதுதான்னு டாக்டர்ங்க சொன்னாங்க, ஆனா காலைல பேப்பர் படிச்சுட்டு இருந்த மனுசன் திடீர்னு பேச்சு குழறி, வலது கையில இருந்த டம்ளர் நழுவி, வாய் ஒரு பக்கம் கோணிக்கிட்டு நின்னதைப் பாத்தவங்களுக்கு அது சின்னது இல்ல. எம்ஆர்ஐல இடது பக்க மூளைக்குள்ள ஆழத்துல ஒரு குட்டி ரத்தக்குழாய் அடைச்சிருக்குன்னு தெரிஞ்சுது. ஆறு நாள் ஆஸ்பத்திரி, ரெண்டு மாசம் பிசியோ, இப்போ சட்டை பட்டன் அவரே போட்டுக்கிறாரு, கையெழுத்து மட்டும் பழையபடி வரல. முப்பது வருசம் பஸ்ல டிக்கெட் கிழிச்ச கை, அது அவருக்கு ரொம்ப வருத்தம்.

ஒரு தடவை வந்தவங்களுக்கு மறுபடி வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட ரொம்ப ஜாஸ்தின்னு டிஸ்சார்ஜ் அன்னைக்கே சொல்லி அனுப்புனாங்க. அந்த வார்த்தை வீட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கிச்சு. ராத்திரி அப்பா இருமினாக்கூட அம்மா எந்திரிச்சு லைட்டைப் போட்டு 'ஏங்க, சிரிங்க பாப்போம்'னு வாய் கோணுதான்னு பாக்குறாங்க. ரத்தத்தை டெஸ்ட் பண்ணினா அடுத்தது வருமா வராதான்னு தெரியும்னு தம்பி சொன்னதும் எங்க எல்லாருக்கும் ஆசையா இருந்துச்சு, அதான் உண்மை.

ரிப்போர்ட் அன்னைக்கு சாயந்தரமே வாட்ஸ்அப்ல வந்துடுச்சு, பதினாறு பக்கம். இந்த லேப்காரங்க ஒண்ணு பண்றாங்க, அவங்க போட்டிருக்கிற நார்மல் அளவுக்கு வெளிய போற நம்பரை மட்டும் கருப்பா தடிச்ச எழுத்துல போட்டு பக்கத்துல ஒரு அம்புக்குறி வேற. நாமளும் பதினாறு பக்கத்தையும் படிக்கிறதில்ல, தடிச்சு இருக்கிறதை மட்டும் தேடுறோம். அப்பாவுக்கு மூணு தடிச்சு இருந்துச்சு. ஹெச்எஸ்-சிஆர்பி 8.4. ஹோமோசிஸ்டீன் 27. லிப்போபுரோட்டீன் ஏ 64. மூணையுமே நான் அதுக்கு முன்னாடி கேள்விப்பட்டதில்ல. அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூங்கல, ஃபோனை வச்சுக்கிட்டு படிச்சுட்டே இருந்தேன். அதுக்கப்புறமும் ரெண்டு வாரம் அதே வேலைதான், அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, ஸ்கூல்ல கணக்கு டீச்சர், நம்பர்னா விடமாட்டேன் அவ்ளோதான்.

முதல்ல சிஆர்பி. இது உடம்புல எங்கயாவது அழற்சி இருந்தா லிவர் உற்பத்தி பண்ணி ரத்தத்துல விடுற ஒரு புரதம். 1930ல நியூயார்க் ராக்ஃபெல்லர் இன்ஸ்டிட்யூட்ல டில்லெட், ஃபிரான்சிஸ்னு ரெண்டு பேர் நிமோனியா நோயாளிங்களோட ரத்தத்துல இதைக் கண்டுபிடிச்சாங்க. அப்போ இதுக்கும் இதயத்துக்கும் மூளைக்கும் சம்பந்தம் இருக்குன்னு யாருக்கும் தெரியாது. ரொம்ப வருசம் கழிச்சுத்தான் ரத்தக்குழாய் சுவர்ல கொழுப்பு படியுறது வெறும் குழாயில அழுக்கு படியுற மாதிரி இல்ல, அங்க உள்ளுக்குள்ள ஒரு புகைச்சல் நடந்துட்டே இருக்கு, அந்தப் படிவு வெடிச்சு அடைப்பு வர்றதுக்கு அதுவும் காரணம்னு புரிஞ்சுது. அந்தப் புகைச்சலைத்தான் ஹெச்எஸ்-சிஆர்பி, அதாவது அதே சிஆர்பியை ரொம்ப நுணுக்கமா அளக்குற டெஸ்ட், சின்ன அளவுலயே காட்டும்ங்கிறாங்க. 1-க்கு கீழ இருந்தா நல்லது, 3-க்கு மேல போனா ரிஸ்க் ஜாஸ்தி. எங்க அப்பாவுக்கு 8.4. கிட்டத்தட்ட மூணு மடங்கு! கணக்கு டீச்சர் மூளை அப்படித்தான் போட்டுச்சு.

சும்மா பயமுறுத்துற விஷயமும் இல்ல இது. ஸ்ட்ரோக் வந்தவங்க 8,000 பேருக்கு மேல இருக்கிற பல ஆய்வுகளை ஒண்ணா சேத்துப் பாத்ததுல, சிஆர்பியும் அதுக்கு மேல இருந்து அதைக் கிளப்பி விடுற இன்டர்லூக்கின்-6ம் யாருக்கு ஜாஸ்தியா இருந்துச்சோ அவங்களுக்கு மறுபடி ஸ்ட்ரோக்கோ மாரடைப்போ வர்றதும் ஜாஸ்தியா இருந்திருக்கு. நான் இதைப் படிச்சுட்டு தம்பிக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்ப, அவன் உடனே 'அக்கா அப்போ அதைக் குறைக்க மாத்திரை இருக்கும்ல'ன்னான்.

இருக்கு. அதுவும் எங்க ஊர்ப்பக்கத்து சமாச்சாரம். கோல்ச்சிசின்னு மாத்திரை, மூட்டுல யூரிக் ஆசிட் உப்பு சேந்து வீங்குறதுக்கு காலங்காலமா குடுக்கிறது. அந்த மருந்துச் சரக்கு நம்ம கண்வலிக்கிழங்கு விதையில இருக்கு! செங்காந்தள்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும், தமிழ்நாட்டோட மாநிலப் பூ. ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் பக்கம் இது காடு காடா விளையுது, மருந்துக்காக விதை வெளிநாட்டுக்கு ஏத்துமதி ஆகுது. மூலனூர்ல என் மாமா ஒன்றரை ஏக்கர் போட்டிருக்காரு, பூ பூக்குற சீசன்ல விடியக்காலைல போய் ஒவ்வொரு பூவுக்கும் கையாலயே மகரந்தம் தொட்டு வைக்கணும், இல்லாட்டி காய் சரியா பிடிக்காது. கிழங்கு கடுமையான விஷம், சின்ன வயசுல அந்தக் காட்டுக்குள்ளயே எங்களை விடமாட்டாங்க. (தயவுசெஞ்சு யாரும் விதையை அரைச்சுக் குடிக்கலாமான்னு கமெண்ட்ல கேக்காதீங்க. உயிர் போயிடும்.)

இதய நோயாளிங்களுக்கு இந்த மருந்தை 0.5 மில்லிகிராம், தினம் ஒண்ணுன்னு குடுத்துப் பாத்ததுல பலன் தெரிஞ்சுது, 2020ல வந்த லோடோகோ-2ங்கிற ஆய்வுல 5,522 பேர், மாரடைப்பு மாதிரி பெரிய பிரச்சனைங்க 9.6 சதவீதத்துல இருந்து 6.8க்கு இறங்குச்சு. அப்போ ஸ்ட்ரோக்குக்கும் வேலை செய்யும்னு தான எதிர்பாப்போம்? 2024ல ரெண்டு ஆய்வு வந்துச்சு. ஒண்ணு கன்வின்ஸ், டப்ளின்ல இருக்கிற பீட்டர் கெல்லிங்கிற நியூரோ டாக்டர் தலைமைல, ஐரோப்பாவுலயும் கனடாவுலயும் சேத்து 3,154 பேர். மருந்து சாப்பிட்டவங்கள்ல 9.8 சதவீதம் பேருக்கு மறுபடி பிரச்சனை, சாப்பிடாதவங்கள்ல 11.7. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த வித்தியாசம் தற்செயலா வந்ததா இருக்கலாம்னு கணக்கு சொல்லுது, கொரோனாவால காசு பத்தாம நெனச்ச அளவு முழுசா நடத்தவும் முடியல. இன்னொண்ணு சீனாவுல நடந்த சான்ஸ்-3, ஹெச்எஸ்-சிஆர்பி 2-க்கு மேல இருந்தவங்களா பாத்து பொறுக்கி எடுத்து 8,343 பேருக்கு மூணு மாசம். மருந்து சாப்பிட்டவங்கள்ல 6.3, டம்மி மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 6.5. ஒண்ணுமே இல்ல. மூணு மாசம் பத்தாதுன்னு ஒரு வாதம் இருக்கு, எனக்கும் அது நியாயமாத்தான் படுது, ஆனா இன்னைக்கு தேதிக்கு சிஆர்பி ஜாஸ்தின்னு ஒருத்தருக்கு இந்த மாத்திரையை எழுதிக் குடுக்க இது போதாது.

இதே கதைதான் ஹோமோசிஸ்டீனுக்கும், இன்னும் சோகமா. இது நம்ம உடம்புலயே உருவாகுற ஒரு அமினோ அமிலம், பி12, ஃபோலிக் ஆசிட்ங்கிற விட்டமின்ங்க குறைஞ்சா ரத்தத்துல இது ஏறும். ஏறுனவங்களுக்கு ஸ்ட்ரோக் ஜாஸ்தி வருது. விட்டமின் மாத்திரை குடுத்தா இது இறங்குது, விலையும் சல்லிசு. இதை விட லட்டு மாதிரி ஒரு விஷயம் கிடைக்குமா? ஆனா 2004ல விஸ்ப்னு 3,680 பேரை வச்சு, 2010ல விட்டாடாப்ஸ்னு 20 நாட்டுல 8,164 பேரை வச்சு, எல்லாரும் ஏற்கனவே ஸ்ட்ரோக்கோ மினி ஸ்ட்ரோக்கோ (கொஞ்ச நேரத்துல தானா சரியாயிடுறது) வந்தவங்க, விட்டமின் குடுத்துப் பாத்தாங்க. ஹோமோசிஸ்டீன் சொன்னபடி இறங்குச்சு. மறுபடி வர்ற ஸ்ட்ரோக் உறுதியா சொல்ற அளவுக்கு இறங்கல. சீனாவுல மட்டும் 2015ல, பிரஷர் இருந்து ஸ்ட்ரோக்கே வராத 20,000 பேருக்கு மேல ஃபோலிக் ஆசிட் சேத்துக் குடுத்ததுல முதல் ஸ்ட்ரோக் கொஞ்சம் குறைஞ்சுச்சு, அங்க மாவுல ஃபோலிக் ஆசிட் கலக்குற பழக்கம் இல்லாததால பலன் தெரிஞ்சிருக்கலாம்ங்கிறாங்க. அது வேற கூட்டம், எங்க அப்பா கேசுக்கு அப்படியே தூக்கிப் போட முடியாது.

இதெல்லாம் படிச்சு, ஒரு நோட்டுல கேள்வியா எழுதி வச்சுக்கிட்டு, அப்பாவைக் கூட்டிட்டு நியூரோ டாக்டர்கிட்ட போனேன். அந்தம்மா பொறுமைசாலி. நான் பேசுற வரைக்கும் கேட்டுட்டு ரிப்போர்ட்டை வாங்கி முதல் பக்கத்துல இருந்து புரட்டுனாங்க, தடிச்ச எழுத்துகிட்ட நிக்கவே இல்ல.

"ஐயா, ரத்தம் எடுத்த சமயத்துல சளி, காய்ச்சல், பல்வலி ஏதாச்சும் இருந்துச்சா?"

அப்பா கன்னத்தைத் தொட்டுக் காட்டுனாரு. அப்போ கடவாப்பல் வீங்கி நாலு நாளா கிராம்பு வச்சுட்டு இருந்தாரு! வீட்டுல எல்லாருக்கும் தெரியும், யாருக்கும் தோணல. சிஆர்பிக்கு பல்லு எது மூளை எது தெரியாது, எங்க புண் இருந்தாலும் ஏறும். பல்லைப் பாத்துட்டு மூணு வாரம் கழிச்சு வேணும்னா எடுங்க, வேணாம்னாலும் ஒண்ணும் இல்லன்னாங்க. ஹோமோசிஸ்டீனுக்கு, சுகர் மாத்திரை எத்தனை வருசமா சாப்பிடுறாருன்னு கேட்டாங்க. பதினோரு வருசமா மெட்ஃபார்மின். அது நாளடைவுல பி12-ஐ குறைக்குமாம், போதாக்குறைக்கு ஸ்ட்ரோக் வந்ததுல இருந்து அம்மா கறி, முட்டை எல்லாம் நிறுத்தி பத்தியச் சாப்பாடு போட்டுட்டு இருக்காங்க. பி12 மாத்திரை எழுதிக் குடுத்தாங்க, ஆனா 'இது ஸ்ட்ரோக்குக்காக இல்ல, கால் மதமதப்புக்கும் நரம்புக்கும், முட்டை சாப்பிடலாம்'னு தெளிவா சொன்னாங்க. அப்பா முட்டைன்னதும் நிமிர்ந்து உக்காந்தாரு.

லிப்போபுரோட்டீன் ஏ-வைத்தான் கொஞ்சம் நேரம் பாத்தாங்க. இது கெட்ட கொழுப்போட ஒரு தம்பி மாதிரி, பெரும்பாலும் பரம்பரையில வர்றது, 50-க்கு மேல இருந்தா ஜாஸ்தி, நம்ம தெற்காசியா ஆளுங்களுக்கு நிறைய பேருக்கு ஏறித்தான் இருக்கு. சாப்பாட்டுல இறங்காது, வழக்கமான கொழுப்பு மாத்திரையிலயும் இறங்காது. வாழ்நாள்ல ஒரு தடவை எடுத்தா போதும், திரும்பத் திரும்ப எடுக்கிறது தண்டச் செலவு. "இதை நீங்களும் உங்க தம்பியும் ஒரு தடவை பாத்துக்கோங்க, அப்பாவுக்கு இதை இறக்க முடியாது, அதனால இறக்க முடிஞ்சதை நல்லா இறக்கணும்"னு சொல்லிட்டு பேனாவைக் கொண்டுபோய் ஏழாம் பக்கத்துல ஒரு நம்பர்ல வச்சாங்க. எல்டிஎல், அதாவது அந்தக் கெட்ட கொழுப்பு, 121. தடிச்சு இல்ல. அம்புக்குறி இல்ல. பக்கத்துல '100 முதல் 129 வரை நியர் ஆப்டிமல்'னு, கிட்டத்தட்ட சரியான அளவுங்கிற மாதிரி, சாதுவா போட்டிருக்கு.

"ஐயா, கொழுப்பு மாத்திரை சாப்பிடுறீங்களா?"

அப்பா என்னைப் பாக்குறாரு. நான் அப்பாவைப் பாக்குறேன். நடுவுல ஃபேன் சத்தம்.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியில சேக்கும்போது எல்டிஎல் 126. அடோர்வாஸ்டாட்டின் 40ங்கிற கொழுப்பு மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டாவது மாசம் எடுத்தப்போ 58. அதைப் பாத்துட்டு அப்பா, கொழுப்புதான் சரியாயிடுச்சே இனி எதுக்குன்னு இருந்திருக்காரு, வாக்கிங் கூட்டாளி ஒருத்தர் அந்த மாத்திரை லிவரைத் தின்னுடும்னு வீடியோ வேற அனுப்பிட்டாரு, ரெண்டரை மாசமா ராத்திரி மாத்திரையை மட்டும் உரிச்சு துளசித் தொட்டியில போட்டுட்டு வந்திருக்காரு. பொய் சொல்லல, யாரும் கேக்கல. 'பாப்பா, நார்மல்னுதான போட்டிருந்துச்சு'ங்கிறாரு பாவமா.

அவர் மேல தப்பு சொல்ல முடியல எனக்கு. அந்த லேப் பேப்பர்ல இருக்கிற நார்மல் ஊர்ல இருக்கிற எல்லாருக்கும் பொதுவானது. ஸ்ட்ரோக் வந்த ஆளுக்கு 121 நார்மல் கிடையாது. பிரான்ஸ்லயும் கொரியாவுலயும் 2,860 பேரை வச்சு 2020ல வந்த ஒரு ஆய்வுல, ரத்தக்குழாய்ல கொழுப்புப் படிவு இருந்து ஸ்ட்ரோக் வந்தவங்களை ரெண்டா பிரிச்சு, ஒரு குழுவுக்கு எல்டிஎல் 70-க்கு கீழ, இன்னொரு குழுவுக்கு 90ல இருந்து 110க்குள்ளன்னு வச்சுப் பாத்தாங்க. 70-க்கு கீழ வச்சவங்கள்ல 8.5 சதவீதம் பேருக்கு ஸ்ட்ரோக், மாரடைப்பு மாதிரி பெரிய பிரச்சனை, மத்தவங்கள்ல 10.9. அதுக்கும் முன்னாடி 2006ல ஸ்பார்க்கிள்னு 4,731 பேர், அடோர்வாஸ்டாட்டின் 80 சாப்பிட்டவங்களுக்கு அஞ்சு வருசத்துல மறுபடி ஸ்ட்ரோக் 11.2 சதவீதம், டம்மி சாப்பிட்டவங்களுக்கு 13.1. ரத்தக் கசிவு ஸ்ட்ரோக் மட்டும் கொஞ்சம் கூடுச்சு, அதையும் மறைக்காம சொல்லணும், ஆனா மொத்தக் கணக்குல லாபம்தான். நூறு பேருக்கு ரெண்டு பேர்தானான்னு தம்பி கேட்டான். ஆமாடா ரெண்டு பேர்தான், சிஆர்பிக்கு மருந்து குடுத்ததுல அந்த ரெண்டு பேரைக் கூட உறுதியா காட்ட முடியலல்லன்னேன்.

இந்த எல்டிஎல், சுகரோட மூணு மாச சராசரி, இதெல்லாம் பழைய, அலுத்துப் போன நம்பர், இதைப் பத்தி ஃபார்வர்ட் மெசேஜ் கூட வராது. அதை விட முக்கியமானது ரத்தத்துலயே கிடைக்காது, பிரஷர். 2001ல ப்ராக்ரஸ்னு 6,105 பேர், எல்லாரும் ஸ்ட்ரோக்கோ மினி ஸ்ட்ரோக்கோ வந்தவங்க, மேல் அளவு சராசரியா வெறும் 9 இறங்குனதுக்கே மறுபடி ஸ்ட்ரோக் கால்வாசிக்கு மேல குறைஞ்சுது. 2,999 ரூபாய் பேக்கேஜ்ல பிரஷர் பாக்கவே இல்ல, அந்தப் பையன் ஐஸ் பெட்டியை மூடிட்டுப் போயிட்டான்.

டாக்டர் அப்பாவைத் திட்டல. தினம் ரெண்டு பேராவது இப்படி வர்றாங்கன்னாங்க. மெசேஜ் அனுப்பி ஞாபகப்படுத்துனா சரியாயிடும்னு நான் சொன்னப்போ, பஞ்சாப்ல இருக்கிற லூதியானா சிஎம்சி ஆஸ்பத்திரி ஒருங்கிணைச்சு நாடு முழுக்க 31 ஆஸ்பத்திரியில, 12 மொழியில எஸ்எம்எஸ், வீடியோ, ஒரு புத்தகம்னு 4,000 பேருக்கு மேல வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, ஒரு வருசத்துல ஸ்ட்ரோக், மாரடைப்பு எதுவும் குறையலன்னு சிரிச்சாங்க. அப்போ என்னதான் பண்றதுன்னேன். "யாராவது ஒருத்தர் கையில குடுத்து முழுங்குறதைப் பாக்கணும்மா, வேற வழி எனக்கும் தெரியல."

இப்போ அம்மா அந்த வேலையை எடுத்துக்கிட்டாங்க. ராத்திரி எட்டரைக்கு மாத்திரை, தண்ணி, அப்புறம் 'ஆ' காட்டுங்கன்னு நாக்குக்கு அடியில வரைக்கும் செக்கிங். முப்பது வருசம் மத்தவங்க டிக்கெட்டை செக் பண்ணினவருக்கு இது பெரிய அவமானம், முனகிக்கிட்டேதான் வாயைத் திறக்குறாரு. பல்லைப் பிடுங்கியாச்சு, ரத்தத்தை லேசாக்குற மாத்திரையை நிறுத்தாமலேயே பல் டாக்டர்கிட்ட சொல்லி பண்ணோம், அதை நாமளா நிறுத்தக் கூடாதுன்னு நியூரோ டாக்டர் ரெண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்தாங்க. நானும் தம்பியும் லிப்போபுரோட்டீன் ஏ எடுத்தோம், எனக்கு 18, அவனுக்கு 71. அவன் இப்போ பேச்சே இல்ல, வாக்கிங் போறான்.

நேத்து அப்பாவுக்கு மறுபடி ரத்தம் எடுத்தோம், தெரு முனை லேப்ல, எல்டிஎல்லும் சிஆர்பியும் மட்டும்தான் கேட்டோம். அந்தப் பொண்ணு இருநூறு ரூபா சேத்துக் குடுத்தா விட்டமின் டியும் பாக்கலாம்னுச்சு, அம்மா சரின்னுட்டாங்க. சாயந்தரம் ரிப்போர்ட் வந்துச்சு, எல்டிஎல் 63, சிஆர்பி 1.7. நான் ஸ்கூல்ல இருந்து வர்றதுக்குள்ள அப்பா மூணு தடவை ஃபோன் பண்ணிட்டாரு. "பாப்பா, விட்டமின் டி மட்டும் கருப்பா போட்டிருக்கு, இதுக்கு என்ன பண்ணலாம்?"